கோல் கம்பத்துக்குக் கீழே மூன்று மீட்டர்

கோத்தகிரிக்காரர்களுக்கு அது பந்துப் பள்ளம்.
கோப்பில் மட்டும் நூற்றாண்டு நினைவு விளையாட்டரங்கம்.
மர கேலரியின் மூன்றாம் படி
போன ஆனி மழையில் இற்று விழுந்து
ஒருவருக்குக் கணுக்கால் போனது.
அதனால்தான் பணம் வந்தது.
பணத்துக்குப் பின்னால் நான் வந்தேன்,
சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைக்கு
மண் எடுக்கிறவள்.

துளைக்கருவியைத் திருக பயஸ்.
அளவு எழுத நான்.
வடக்குக் கம்பத்திலிருந்து நான்கு எட்டு.

முதல் சாண் புல்லும் வேரும்.
பிறகு வெள்ளையாய் ஒரு கீற்று:
எந்த வருடத்துச் சுண்ணாம்புக் கோடோ,
யார் அதன்மேல் உருண்டு
பெனால்டி கேட்டுக் கத்தினார்களோ.
அதற்கும் கீழே தேயிலை ஃபேக்டரி அடுப்புச் சாம்பல்,
கூடை கூடையாய்க் கொட்டி மேடாக்கியது.
உடைந்த சுட்டமண் குழாய்.
துருவேறிய பூட்ஸ் ஆணி ஒன்று.

ஒன்றே முக்கால் மீட்டரில்
சத்தம் மாறியது.
பயஸ் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தான்.
வந்தது கறுப்பு.
பிழிந்தால் நீர் சொட்டும் கறுப்பு.
உள்ளே மக்காத புல்தாள்கள்,
நேற்று படுத்தவை மாதிரி
ஒரே பக்கம் சாய்ந்து.
இங்கே யாரும் பந்து உதைக்காத காலத்துச் சதுப்பு.
மூன்று மீட்டர் போயும் அடி தட்டவில்லை.
கம்பி தீர்ந்துவிட்டது.

எனக்கு முன் வந்தவர்
சித்திரை மாத நண்பகலில் வந்து
'வன உயிரினங்கள்: இல்லை' என்று எழுதிப் போயிருக்கிறார்.
கோடு போடும் ஹாலன் சிரிக்கிறார்.
விடிகாலையில் காட்டெருமைக் குளம்புக்குழிகளை
மிதித்து மூடிவிட்டுத்தான்
அவர் சுண்ணாம்பு வாளியைத் தூக்குவது.
நடுவட்டத்தில்தான் அதுங்களுக்குப் புல் ருசி, என்கிறார்.
ஏன் என்று அவருக்கும் தெரியாது.

வரைபடத்தில்
நான்காயிரம் பேருக்குக் கான்கிரீட் கேலரி,
மூலைக்கொன்றாய் விளக்குக் கோபுரம்,
உறைபனியிலும் கருகாத நெகிழிப் புல்.
பள்ளத்துக்குக் கீழே ஓர் ஊற்று இருப்பது
வரைபடத்தில் இல்லை.
லயத்தில் பதினாறு வீடு அதைக் குடிக்கிறது.

கருத்துக் கேட்புக் கூட்டத்தில்
எல்லோரும் பேசி முடித்து டீ வந்த பிறகு
கோல்கீப்பர் யோகராணி எழுந்தாள்.
"தண்ணி எங்கேருந்து வருதுன்னு எனக்குத் தெரியும் மேடம்.
அஞ்சு மணிக்குக் குடம் வச்சு எடுத்துட்டுதான்
பிராக்டிசுக்கு வர்றேன்.
ஆனா மழையில பந்து சேத்துல நின்னுடுது.
ஊட்டிக்காரங்க பார்த்துச் சிரிக்கறாங்க.
எனக்கு ரெண்டும் வேணும்."
உட்கார்ந்துவிட்டாள்.
பொறியாளர் தணிகைவேல்
பிஸ்கட்டை டீயில் நனைத்தபடியே இருந்தார்,
அது உடைந்து விழும்வரை.

இரவு லாட்ஜில் படிவத்தோடு நான்.
தாக்கம்: அதிகம், மிதம், இல்லை.
ஒன்றைச் சுழிக்க வேண்டும்.
கட்டிலுக்கடியில் குழாயில் அடைத்த மண்
மூடியிடுக்கில் கசிந்து
செருப்புவரை வந்துவிட்டது.
துண்டால் ஒற்றினேன். மறுபடி வந்தது.

எழுதினேன்:
புல் புல்லாகவே இருக்கட்டும்.
கேலரி கிழக்கே, பாறை இருக்கும் பக்கம், பாதி அளவில்.
விளக்கு ஒன்பது மணிவரை.
வடிகாலைத் திருப்பலாம், வெட்டக் கூடாது.
'கூடாது' என்பதை மேலதிகாரி
'தவிர்க்கலாம்' ஆக்குவார். தெரியும்.
அதனால் இரண்டு இடத்தில் எழுதினேன்.

ஞாயிறன்று மேட்ச் பார்க்கப் போனேன்.
இற்ற படிக்குக் கயிறு கட்டியிருந்தார்கள்;
கயிற்றின்மேலும் ஆள் உட்கார்ந்திருந்தது.
எழுபதாவது நிமிடம் குன்னூர் அணி
தரையோடு தரையாய் ஓர் உதை.
யோகராணி சரியான பக்கம்தான் பாய்ந்தாள்.
நான் துளைத்து மூடிய இடம்
ஒரு விரற்கடை தாழ்ந்திருந்தது.
பந்து அதில் தட்டி
அவள் விரலைத் தாண்டித் திரும்பியது.

எழுந்து, முழங்கைச் சேற்றைத் துடைக்காமல்,
அந்த இடத்தைக் குதிகாலால் நாலு முறை மிதித்தாள்.
ஈரம் மேலே வந்தது.
நான் கூட்டத்தில் குனிந்து
ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தேன்.